பாட்டியின் கப்பலா, தேயிலை எடை நோட்டா: அமெரிக்கச் சட்டப் படிப்புக்கு எதை எழுதுவது?

போன ஆடி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. வாதி என் அக்கா மகள், பிரதிவாதி நான். கோத்தகிரி மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த சாயங்காலங்களில் தினமும் ஒரு மணி நேரம் விசாரணை, நடுவில் அம்மா டீ கொண்டு வந்து வைத்துவிட்டு இரண்டு பேரையும் திட்டிவிட்டுப் போவார். விஷயம் இதுதான்: அவள் கோவையில் பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்துவிட்டு, அமெரிக்காவில் ஜே.டி. என்கிற சட்டப் பட்டம் படிக்க விண்ணப்பிக்கப் போகிறாள். அதற்கான எல்சாட் நுழைவுத் தேர்வு எழுதியாகிவிட்டது. பரிந்துரைக் கடிதத்துக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. பாக்கி இருந்தது இரண்டு பக்கக் கட்டுரை ஒன்று. தன்னைப் பற்றி, தானே, தன் பாஷையில் எழுத வேண்டியது. எதைப் பற்றி எழுதுவது என்பதில்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

இந்தச் சிக்கல் நம் பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்றால், இங்கே சட்டம் படிக்கப் போகிற யாரிடமும் யாரும் இதைக் கேட்டதில்லை. தமிழ்நாட்டில் ஐந்தாண்டுப் படிப்புக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு எழுதினால் 120 கேள்விக்கு வட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்துவிடலாம். நீ யார், ஏன் இங்கே வருகிறாய் என்று கேட்கிற பழக்கமே கிடையாது. திடீரென்று ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து உன்னைப் பற்றிச் சொல் என்றால் கை எங்கே போகும்? ‘சிறு வயது முதலே கறுப்பு அங்கி மீது எனக்கு ஈர்ப்பு’ என்று போகும். எனக்கும் போனது. பல வருஷம் முன்னால் எல்.எல்.எம். என்கிற சட்ட மேற்படிப்புக்கு நான் விண்ணப்பித்தபோது, கோவையில் ஒரு வழிகாட்டி நிறுவனத்தில் காசு கட்டி, அவர்கள் கொடுத்த மாதிரியைப் பார்த்து, காந்தியும் வக்கீல் அம்பேத்கரும் வக்கீல் என்று ஆரம்பித்து ஒரு கட்டுரை எழுதினேன். ஒரு இடத்திலிருந்தும் பதில் நல்லதாக வரவில்லை. அடுத்த வருஷம் வேறு மாதிரி எழுதினேன், இடம் கிடைத்தது. பணம்தான் கிடைக்கவில்லை, அது வேறு கதை.

முதலில் ஒன்றைப் பிரித்துவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் எல்லாவற்றையும் எஸ்.ஓ.பி., அதாவது ஸ்டேட்மெண்ட் ஆஃப் பர்பஸ், என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறார்கள். ஜே.டி. என்பது ஏதாவது ஒரு பட்டம் முடித்தவர்கள் மூன்று வருஷம் படிப்பது. அங்கே உன் பின்னணி சட்டமாக இருக்க வேண்டியதில்லை, ஆள் எப்படி யோசிக்கிற ஆள் என்றுதான் பார்ப்பார்கள். எல்.எல்.எம். என்பது ஏற்கெனவே சட்டம் படித்தவர்கள் ஒரு வருஷம் படிப்பது, அங்கே எந்தத் துறை, ஏன் இந்தக் கல்லூரி, இதுவரை அந்தத் துறையில் என்ன செய்தாய் என்று நேராகச் சொல்ல வேண்டும், பாட்டி கதைக்கு அங்கே இடம் குறைவு. இங்கிலாந்தில் பிளஸ் டூ முடித்து எல்.எல்.பி. சேருகிறவர்களுக்கு இன்னும் மாறுகிறது: யூகாஸ் என்கிற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்களுக்கு ஒரே கட்டுரைதான் போகும், 2026 சேர்க்கையிலிருந்து அதையும் மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள், மொத்தம் 4000 எழுத்துக்குள், இடைவெளியும் சேர்த்து. அந்தக் கேள்விகள் படிப்பைச் சுற்றியே வருகின்றன. ஏன் இந்தப் படிப்பு, பள்ளிப் படிப்பு எப்படித் தயார் செய்தது, வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய் என்று. அதனால் நான் கீழே சொல்கிற சண்டை முழுக்க ஜே.டி.க்கானது. மற்றவர்கள் தங்கள் தேவைக்குத் தகுந்த மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

அவளிடம் மொத்தம் நான்கு விஷயங்கள் இருந்தன. ஒன்று, என் அம்மா, அதாவது அவள் பாட்டி, இலங்கையிலிருந்து வந்த கதை. இரண்டு, மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் ஒரு அமைப்போடு அவள் மூன்று வாரம் வேலை பார்த்தது. மூன்று, அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த செமஸ்டரில் ஒரு பேப்பர் போனது. நான்கு, பதினொன்றாம் வகுப்பில் தேயிலை எடையை அவள் ஒரு நோட்டில் எழுதி வைத்தது.

மூன்றாவதை உடனே முடித்துவிடலாம். அது கட்டுரைக்கான விஷயமே இல்லை. மதிப்பெண் சரிவுக்கோ எல்சாட் இரண்டு தரம் எழுதியதற்கோ விளக்கம் சொல்ல வேண்டுமானால் பெரும்பாலான கல்லூரிகள் தனியாக ஒரு சின்ன இணைப்புக் குறிப்பை வைக்க விடுகின்றன. ஐந்தாறு வரி. என்ன நடந்தது, எப்போது நடந்தது, பிறகு மதிப்பெண் எப்படி மேலே வந்தது, அவ்வளவுதான். அதை எடுத்துக் கட்டுரையின் நடுவில் வைத்தால், இருக்கிற இரண்டு பக்கத்தில் ஒரு பக்கம் மன்னிப்புக் கடிதமாகிவிடும். துக்கத்தைப் பற்றி எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தத் துக்கத்தால் நீ என்ன செய்தாய் என்று கேட்டால் சொல்ல ஏதாவது இருக்க வேண்டும். அவளிடம் கேட்டேன். “ஒண்ணும் செய்யல மாமா, ஆஸ்பத்திரில உக்காந்திருந்தேன்” என்றாள். சரி, அது முடிந்தது.

யானைக் கதைக்கு வருவோம். முதலில் அவளுக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருந்தது, ஏனென்றால் கேட்கிற யாருக்கும் இது பிடிக்கும். நீலகிரி, காடு, யானை, ரிசார்ட், உச்ச நீதிமன்றம். 2010ல் அரசு வழித்தடத்தை அறிவிக்கிறது, 2011ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லும் என்கிறது, வழித்தடத்துக்குள் இருந்த ரிசார்ட்காரர்கள் மேல்முறையீட்டுக்குப் போகிறார்கள், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்று சொல்லிவிட்டு நிலச் சொந்தக்காரர்களின் ஆட்சேபணைகளைக் கேட்க ஒரு குழுவை அமைக்கிறது. கதைக்கு ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் தயாராக இருக்கிறது. அவள் முதலில் எழுதிய வரைவும் இதுதான். படிக்க நன்றாகவே இருந்தது. ஆனால் அதில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பென்சிலை வைத்துத் தேடினேன். இரண்டாம் பக்கத்தில் ‘நான் தரவுகளைத் தட்டச்சு செய்தேன்’ என்று ஒரு வரி. மற்றதெல்லாம் யானையும் நீதிபதிகளும்.

கூடலூர்க்காரர்களுக்கு இதே குழி இன்னும் ஆழமாகக் காத்திருக்கிறது. காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துப் போட்ட கோதவர்மன் வழக்கு அங்கிருந்துதானே கிளம்பியது. 1995ல் போட்ட மனு, 1996 டிசம்பர் 12ஆம் தேதி ஆணை, காடு என்றால் அகராதியில் என்ன பொருளோ அதுதான் பொருள் என்று நாடு முழுக்கப் பொருந்துகிற மாதிரி ஒரு முடிவு. சட்டம் படிக்கப் போகிற பிள்ளை தன் ஊர்க் காட்டிலிருந்து கிளம்பிய அப்பேர்ப்பட்ட வழக்கை விடுமா? என்னிடம் ஜூனியராக இருந்த பையன் ஒருவன் அந்த வழக்கைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். கடைசியில் இரண்டு வரி, ‘எங்கள் வீடு செக்‌ஷன் 17 நிலத்தில் இருந்ததால் எங்களுக்கு மின்சாரம் கிடையாது’ என்று. ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வருவது உரிமை யாருக்கு என்று தீராமல் இழுபடுகிற நிலம். அடப்பாவி, அதுதானேடா கட்டுரை என்றேன். அந்த ஒன்றரைப் பக்கத்தை அமெரிக்காவில் உட்கார்ந்திருக்கிற சேர்க்கைக் குழுவில் யார் வேண்டுமானாலும் தேடிப் படித்துக்கொள்வார்கள். ஆனால் ஜன்ம நிலத்தில் இருக்கிற ஒரு வீட்டில் பத்தாவது பரீட்சைக்குப் படிப்பது எப்படி இருக்கும், கம்பம் வரைக்கும் வந்த லைன் வீட்டுக்கு ஏன் வரவில்லை என்று ஒரு பையன் எப்போது முதன்முதலாகக் கேட்டான், யாரிடம் கேட்டான், என்ன பதில் சொன்னார்கள் என்பது அவன் சொன்னால்தான் உண்டு.

இந்த இடத்தில் என் தொழில் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். பழைய சாட்சியச் சட்டத்தில் 60ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. பார்த்த விஷயம் என்றால் பார்த்தேன் என்று சொல்கிறவர் வர வேண்டும், கேட்ட விஷயம் என்றால் காதால் கேட்டவர் வர வேண்டும், அவர் சொன்னார் இவர் சொன்னார் என்பது செல்லாது. 2024 ஜூலையில் புதுச் சட்டம் வந்து எண்தான் மாறியிருக்கிறது, விஷயம் அதேதான். கட்டுரைக்கு விஷயம் தேடுகிறவர்களிடம் நான் வைக்கிற முதல் கேள்வி அதுதான்: இதில் நீ சாட்சியா, அல்லது சாட்சி சொன்னதைக் கேட்டுக்கொண்டு வந்தவளா? எழுதி முடித்த பிறகு எதிரில் ஒரு வக்கீல் எழுந்து நின்று, அன்றைக்கு மழையா வெயிலா, நீங்கள் எங்கே நின்றீர்கள், அவர் சரியாக என்ன சொன்னார் என்று குறுக்கு விசாரணை செய்தால் எத்தனை கேள்விக்குத் தாங்குவாய்? இது வெறும் பேச்சுக்குச் சொல்வதில்லை. ஹார்வர்டு மாதிரி சில இடங்களில் தேர்ந்தெடுத்தவர்களை ஆன்லைனில் நேர்காணலுக்குக் கூப்பிடுகிறார்கள், கட்டுரையில் எழுதியதைத் தொட்டுக் கேட்பார்கள். போதாததற்கு எல்சாட்டோடு சேர்த்து எழுதுகிற வாதக் கட்டுரையும் கல்லூரிக்குப் போகிறது. அதில் உன் ஆங்கிலம் ஒரு மாதிரி, தன்னைப் பற்றிய கட்டுரையில் வேறு மாதிரி என்றால் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். காசு கொடுத்து எழுதி வாங்குகிறவர்களும், ஏ.ஐ.யிடம் கொடுத்து வாங்குகிறவர்களும் இதையும் யோசித்துக்கொள்ளலாம். 2023ல் மிச்சிகன் சட்டக் கல்லூரி ஏ.ஐ. கூடாது என்றது, அரிசோனா ஸ்டேட் பயன்படுத்தலாம் என்றது. கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும்.

யானை அந்தக் கேள்வியில் விழுந்துவிட்டது. அவளே ஒத்துக்கொண்டாள். பாக்கி இரண்டு.

பாட்டி கதைக்காக வாதாடியவன் நான். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அது என் அம்மாவின் கதை, எனக்கு அதை யாராவது எழுதிவிட வேண்டும் என்று ஆசை. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974ல் இந்திரா காந்தி காலத்தில் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்த அம்மா அந்தக் கணக்கில் ஒரு எண். தலைமன்னாரிலிருந்து கப்பல், ராமேஸ்வரத்தில் இறங்கி மண்டபம் முகாம், கையில் ஒரு குடும்ப அட்டை, அப்புறம் ரயிலும் பஸ்ஸுமாக மலை ஏறி வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மறுபடியும் அதே கொழுந்து பறிக்கிற வேலை. கப்பலில் வந்த ஒரு தகரப் பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. நான் சொன்னேன், அந்தப் பெட்டியில் ஆரம்பி, படிக்கிறவன் கண் கலங்குவான் என்று.

அவள் சொன்னாள்: “மாமா, நான் அந்தக் கப்பலப் பாத்ததே இல்ல.”

என் சட்டத்தை வைத்து என்னையே மடக்கினாள். அதோடு விடவில்லை, ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்தவள் அல்லவா, கணக்குப் போட்டாள். நிறைய இடங்களில் இரட்டை வரி இடைவெளி விட்டு இரண்டு பக்கம்தான், ஆங்கிலத்தில் 500, 600 சொல் வரும். பெர்க்லியில் நான்கு பக்கம் வரை விடுகிறார்கள், ஆனால் ஒரு கல்லூரிக்காகத் தனியாக நீட்டி எழுத முடியாது. சிகாகோவிலோ பாஸ்டனிலோ இருக்கிற ஒருவருக்கு மலையகத் தமிழர் என்றால் யார், இலங்கைத் தமிழர் என்று செய்தியில் கேட்டவர்களும் இவர்களும் ஏன் வேறு, குடியுரிமை ஏன் பறிபோனது, இந்த ஒப்பந்தம் எதற்கு என்று சொல்லி முடிக்கவே 250 சொல் போய்விடும். மீதியில் பாட்டி கப்பல் ஏற வேண்டும், இறங்க வேண்டும், மலைக்கு வர வேண்டும். பேத்தி பிறப்பதற்குள் தாள் தீர்ந்துவிடும். விளக்கிச் சொல்ல எவ்வளவு செலவாகும் என்பதையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. யானைக்கு அந்தச் செலவே கிடையாது, பாட்டிக்கு மிக அதிகம்.

இருந்தாலும் பாட்டி கதையை நான் முழுக்க விட்டுக்கொடுக்கவில்லை, அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் கதையில் இவள் சாட்சியாக இருந்த ஒரு நாள் உண்டு. பிளஸ் டூ முடித்து உதவித்தொகைக்காகச் சாதிச் சான்று வாங்கப் போனபோது, ஒரு அலுவலகத்தில் அவளையும் பாட்டியையும் காலையிலிருந்து மத்தியானம் வரை உட்கார வைத்து, இந்தியாவில் பழைய ஆவணம் ஏதாவது இருந்தால் கொண்டு வா என்று கேட்டார்கள். கப்பலில் வந்தவரிடம் இங்கே பழைய ஆவணம் எங்கிருந்து வரும்? அம்மா பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்த குடும்ப அட்டையை எடுத்துக் கொடுத்தார், அதை வாங்கிப் பார்த்தவர் இது என்ன என்று இவளிடம் கேட்டார். பாட்டி பக்கத்தில்தான் நிற்கிறார், கேள்வி மட்டும் பேத்தியிடம். அந்த ஒரு நாளை எழுதினால் 1964ஐ ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடலாம், கப்பல் தேவையே இல்லை. தாயகம் திரும்பிய குடும்பங்களின் பிள்ளைகள் கூடலூரிலும் பந்தலூரிலும் கோத்தகிரியிலும் கொடைக்கானல் பக்கமும் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களில் யாராவது விண்ணப்பிக்கிறீர்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்: கப்பலைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள், அட்டையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு கோணமும் இருக்கிறது. 2023 ஜூன் 29ஆம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம், சேர்க்கையில் இனத்தை ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளும் ஹார்வர்டு, நார்த் கரோலைனா பல்கலைக்கழகங்களின் முறைகள் செல்லாது என்று சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், இனம் தன் வாழ்க்கையை எப்படித் தொட்டது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைக் கல்லூரி கணக்கில் எடுக்கத் தடையில்லை என்றும், அது அந்தத் தனி ஆளின் துணிச்சலோடோ திறமையோடோ சேர்ந்து வர வேண்டும் என்றும் எழுதினார். அதாவது நான் இன்ன கூட்டத்தைச் சேர்ந்தவள் என்று மட்டும் சொல்வதற்குப் பலன் இல்லை, அதனால் எனக்கு இது நடந்தது, நான் இதைச் செய்தேன் என்பதற்கு உண்டு. அந்தத் தீர்ப்பு இனத்தைப் பற்றியது, நம் சாதியையோ தாயகம் திரும்பிய வாழ்வையோ பற்றியது இல்லை, இருந்தாலும் எழுதுகிற முறைக்கு அது நல்ல அளவுகோல். அதற்குப் பிறகு ஹார்வர்டு சட்டக் கல்லூரி ஒரு கட்டுரைக்குப் பதிலாக இரண்டு கேட்க ஆரம்பித்தது, ஏன் சட்டம் என்பதற்கு ஒன்று, உன்னை உருவாக்கிய அனுபவத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒன்று முதல் இரண்டு பக்கம். இந்த மாதிரி இரண்டாவது கட்டுரை கேட்கிற இடங்களுக்கு அட்டைக் கதை போகட்டும் என்று கடைசியில் சமாதானம் செய்துகொண்டோம். எனக்கு அது ஆறுதல் பரிசு மாதிரிதான் இருந்தது.

அந்த நோட்டை நான் ஆரம்பத்திலிருந்தே மட்டமாகத்தான் நினைத்தேன். அத்தான் வீட்டுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. பறித்த கொழுந்தை ஏஜெண்ட் வண்டியில் வந்து எடை போட்டு எடுத்துப் போவார், மாசக் கடைசியில் பணம். ஈர இலை என்றால் தண்ணீர்க் கழிவு என்று நூற்றுக்கு இவ்வளவு என்று பிடிப்பார்கள். மழையில் பறித்த இலையில் தண்ணீர் இருக்கும்தான், அதில் தப்பில்லை. பதினொன்றாம் வகுப்பில் இவள் வீட்டுத் தூக்குத் தராசில் தினமும் தானே எடை போட்டு, ஏஜெண்ட் துண்டுச் சீட்டில் எழுதிக்கொடுத்த எடையைப் பக்கத்தில் எழுதி, மூன்றாவதாக வெயில், மழை, பனி என்று ஒரு கட்டம் போட்டு வைத்தாள். நான்கு மாசம் எழுதிப் பார்த்தால் நல்ல வெயில் நாளிலும் மழை நாளுக்குப் பிடிக்கிற அதே கழிவு. 38 கிலோ இலைக்குச் சீட்டில் 34. இதை வைத்துக் கட்டுரையா, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கணக்கு எழுதினாள் என்று அமெரிக்காவுக்குச் சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். சொன்ன பிறகு அப்பா தட்டிக் கேட்டார், நியாயம் கிடைத்தது என்றுதான் அவள் வரைவும் முடிந்திருந்தது. வெற்றிக் கதை. எனக்கு நம்பிக்கை வரவில்லை, வக்கீலாக இவ்வளவு வருஷத்தில் அவ்வளவு சுலபமாக நியாயம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் ராத்திரி கரண்ட் இல்லை, மெழுகுவத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன். அப்பா என்ன சொன்னார்? உடனே ஒன்றும் சொல்லவில்லை, சண்டைக்குப் போகாதே என்றார். ஏன்? அவளுடைய பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு அந்த வருஷம் முன்பணம் கொடுத்ததே அந்த ஏஜெண்ட்தான். தீபாவளிக்கும் கொடுப்பார், ஆஸ்பத்திரிக்கும் கொடுப்பார். பிறகு எப்படிக் கேட்டார்கள்? அப்பா கேட்கவில்லை, இவள்தான் ஒரு சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு போய் வண்டிப் பக்கத்தில் நின்று காட்டினாள். அவர் என்ன செய்தார்? இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்லாப் படிக்கிற பொண்ணு என்று சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து வெயில் நாளில் கழிவு பிடிக்கவில்லை.

மற்றவர்களுக்கு?

அவள் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டாள். மற்றவர்களுக்குப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார். எங்களுக்கு மட்டும்தான் நிறுத்தினார். பக்கத்து வீட்டு அக்கா இவளிடம் வந்து, உங்க சீட்டுல மட்டும் எப்படிம்மா கூடுதலா வருது என்று கேட்டபோது, தெரியலக்கா என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு நோட்டு எழுதுவதை நிறுத்தியவள்தான், அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை.

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. என் கட்சி தோற்றது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு ஏக்கர், ஒரு தராசு, ஒரு நோட்டு என்று சின்னதாக நான் நினைத்த விஷயத்துக்குள் அவள் ஏன் சட்டம் படிக்க வேண்டும் என்பது முழுசாக உட்கார்ந்திருந்தது, அதை அவளே வெற்றி என்ற துணியைப் போட்டு மூடி வைத்திருந்தாள். ஆதாரம் கையில் இருந்தது. அதை எங்கே கொண்டு போய்க் கொடுப்பது, தனக்காக மட்டுமில்லாமல் மற்றவர்களுக்காகக் கேட்க ஒரு பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன தகுதி இருக்கிறது, கேட்டால் அப்பாவின் கடன் என்ன ஆகும் என்பதெல்லாம்தான் தெரியவில்லை. இதெல்லாம் சட்டக் கேள்விகள்தானே. குன்னூர் ஏல விலையை வைத்து விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்று விலைப் பங்கீட்டுக்குத் தேயிலை வாரியத்தின் சூத்திரம் இருக்கிறது, மாசாமாசம் பசுந்தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறார்கள். ஆனால் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று எவ்வளவு சரியாகச் சொன்னாலும், எத்தனை கிலோ என்பதை வண்டிப் பக்கத்தில் நிற்கிறவர் முடிவு செய்தால் அந்தச் சூத்திரம் என்ன செய்யும்? இதைக் கட்டுரையில் ஒரு வரி வைக்கலாம் என்று சொன்னேன், அவளும் வைத்திருக்கிறாள். விளக்கச் செலவும் குறைவு, தராசும் ஈர இலையும் கடனும் எந்த ஊர்க்காரருக்கும் இரண்டு வரியில் புரிந்துவிடும்.

ஒரு பயம் இருந்தது இரண்டு பேருக்கும். தன் தப்பை எழுதினால் சேர்க்கைக் குழு என்ன நினைக்கும்? யோசித்துப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது, இது குற்ற ஒப்புதல் இல்லை, பதினாறு வயதில் வாய் மூடியதை இருபத்து மூன்று வயதில் எடுத்துப் பார்ப்பது. ஆனால் அளவு முக்கியம். பக்கத்து வீட்டு அக்கா கேட்ட கேள்வி, இவள் சொன்ன பதில், அத்தோடு நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு அரைப் பக்கம் நான் எவ்வளவு வருந்தினேன் தெரியுமா என்று எழுதினால் அழுகைக் கச்சேரி ஆகிவிடும். அதேபோல ஏஜெண்டை வில்லனாக்கவும் கூடாது. அவர் கொடுத்த முன்பணத்தில்தான் படித்தாள் என்பதை மறைத்தால் கட்டுரையில் இருக்கிற சிக்கலே போய்விடும், சினிமாக் கதை ஆகிவிடும். அவர் பேரும், எந்த ஃபேக்டரி என்பதும் தேவையில்லை. அந்த அக்கா யார் என்று தெரிகிற மாதிரி எதுவும் வரக்கூடாது என்று அவளே சொன்னாள்.

ஆக, யானை அழகானது, ஆனால் அவளுடையதில்லை. ஆபரேஷன் செமஸ்டர் இணைப்புக் குறிப்புக்குப் போயிற்று. பாட்டியின் அட்டை இரண்டாவது கட்டுரைக்கு, கேட்கிற இடங்களில் மட்டும். முதல் கட்டுரை நோட்டு. இப்போது நான்காவது வரைவில் நிற்கிறது. செப்டம்பரில் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பம் வாங்க ஆரம்பித்தன. வர வரப் பார்த்து இடத்தை நிரப்புகிற கல்லூரிகள் நிறைய இருப்பதால் கடைசித் தேதி வரை இழுக்கக்கூடாது, அதனால் கார்த்திகைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்று திட்டம்.

போன வாரம் அக்கா வீட்டுப் பரணில் அந்த நோட்டு கிடைத்தது. நாற்பது பக்க நோட்டு, ஈரத்தில் அட்டை ஊறி, ஓரமெல்லாம் பூச்சி அரித்து. இருபத்தோராம் பக்கத்தில் ஒரு தேதி, வீட்டு எடை 41, சீட்டு எடை 41, வெயில். அதற்கப்புறம் வெறும் கோடுகள்தான். அந்த 41ஐ வைத்துக் கட்டுரையை ஆரம்பிக்க வேண்டும் என்கிறாள் அவள். கடைசியில் வைக்க வேண்டும் என்கிறேன் நான். இதற்கு இன்னும் ஒரு வாரம் கரண்ட் போக வேண்டியிருக்கும் போலிருக்கிறது.